இடுப்பு வலி என்று சொல்லாதே

நாரின், அக்டோபர் 8, புதன்

அன்புள்ள பெகாயிம் அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத் தோழிகளிடம்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பிஷ்கெக்குக்கு வண்டி ஓட்டும் தாலாய் அண்ணனிடம் உன் கம்பளிச் சட்டைக்குள் ஒளித்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு மறுபடியும் இடுப்பு. நம் மிர்லான் அண்ணன் கல்யாணத்துக்காக ஞாயிறு முழுக்க மாவு மூட்டை தூக்கினாள். திங்களன்று எழ முடியவில்லை. வழக்கம்போல ஆம்புலன்ஸுக்கு 103ஐ அழைத்தோம். வந்தார்கள், ஊசி போட்டார்கள், போனார்கள். செவ்வாயும் அப்படியே. அப்பா கைவைத்தியமாக, புதிதாக உரித்த ஆட்டுத்தோலைச் சூடு ஆறுமுன் அம்மா இடுப்பில் சுற்றிவிட்டார். இன்று ஆம்புலன்ஸில் வந்தவர் காலணிகூடக் கழற்றவில்லை. "இந்த ஊசிக்கு நாங்க எதுக்கு? தெருக்கோடி நர்ஸ் போடமாட்டாளா?" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தேநீரை இரண்டு பேர் முகத்திலும் ஊற்ற வேண்டும்போல் இருந்தது.

அவர் போன பிறகுதான் அம்மா என் காதில் சொன்னாள். உட்காரும் இடம் மரத்துவிட்டதாம். காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கப்பா நிக்கறப்போ அந்த ஆம்பளைகிட்ட எப்படிடி சொல்வேன்? நீயும் வாயைத் திறக்காதே."

சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். சீக்காளி வீட்டில் பெண் கொடுத்தோம் என்று பேசுவார்களாம். இனி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கக்கூடாது என்று சொல்லி அப்பா போனை எடுத்து வைத்துக்கொண்டார். பயமாக இருக்கிறது அக்கா.

உன் தங்கை
சைகல்

பிஷ்கெக், அக்டோபர் 9, வியாழன் மதியம்

சைகல் கண்ணே,

கொளுத்தவில்லை. நான் படிக்கும் மருத்துவமனையில் டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். திட்டுவதானால் திட்டிக்கொள். படித்தவுடன் அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இது ஊசியில் தீராது. முதுகெலும்பின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அம்மா நடக்க முடியாமலே போகலாம் என்றார்.

அப்பாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். "கல்யாண வீட்ல அபசகுனமா பேசாதே" என்று வைத்துவிட்டார். இங்கிருந்து 103 அடித்தால் இந்த ஊர் ஆம்புலன்ஸ்காரர்கள்தான் எடுப்பார்கள். நீதான் கூப்பிட வேண்டும். போன குளிர்காலத்தில் சீக்கிரம் வரட்டும் என்று "இதயம்" என்று பொய் சொன்னாயே, அது அவர்களுக்கு மறந்திருக்காது. ஊரே சொல்லும் பொய்தான். இந்தமுறை வேண்டாம். இடுப்பு வலி என்றும் சொல்லாதே. மரத்துப்போனதையும் சிறுநீர் போகாததையும் வெட்கப்படாமல் சொல்.

இதைக் கொண்டுவரும் தாலாய் வண்டியில் எனக்கு இடமில்லை. அதிகாலை வண்டியில் வருகிறேன்.

பெகாயிம்

வியாழன் இரவு

அக்கா,

காட்டாதே என்றேன், காட்டினாய். கோபம்தான். அதை நீ வந்தபின் வைத்துக்கொள்கிறேன். நீ வருமுன் எங்களை அழைத்துப் போய்விட்டால் இது என் தலையணைக்கடியில் இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது சொட்டுகூடப் போகவில்லை. இடது கால் துணிபோலக் கிடக்கிறது. அப்பாவின் கோட்டிலிருந்து போனை எடுத்தேன். விலாசம் சொன்னதும் அந்தப் பெண் கேட்டாள்:

"மறுபடியும் உங்க வீடா? இன்னிக்கு இதயமா, இடுப்பா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, போன குளிர்காலத்தில் இதயம் என்று பொய் சொன்னது நான்தான் என்றேன். பிறகு நீ எழுதியதைச் சொன்னேன். எழுதும்போதே கை கூசிய வார்த்தைகளைச் சத்தமாகச் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டாள். பிறகு குரலே மாறிவிட்டது.

"வண்டி கெளம்பிடுச்சும்மா. வாசல் விளக்கைப் போடு."

போட்டுவிட்டேன். உள்ளறையில் அம்மா விழித்துத்தான் இருந்தாள். "சொல்லிட்டியாடி?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தன் நல்ல தலைத்துணியை எடுத்துவரச் சொன்னாள். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. இத்தனை நாள் இந்த வீட்டில் ஒருவர்கூட அவளிடம் சரியாகக் கேட்கவில்லை, நான் உட்பட.

நாய் குரைக்கிறது. அப்பா எழுந்துவிட்டார். கதவைத் தட்டுகிறார்கள். அவர் முந்திக்கொண்டு "வெறும் இடுப்பு வலிதான்" என்று சொல்வதற்குள் நான்—