பாயில் காயும் ஸ்வெட்டர்

டெபோரா அப்பா,

டெல்லி வண்டி டூட்டி முடிச்சு வந்து அசந்து தூங்குற, எழுப்பல. நான் தையல் கம்பெனிக்குப் போறேன். நெத்திலிக் குழம்பு கீது, சுட வெச்சுத் துன்னு. வெளிய போனா சாவிய பக்கத்து வூட்டு செங்கொடிகிட்ட குடு.

உன் ஸ்வெட்டரத் தொவச்சுட்டேன். சோப்பு போட்டா கம்பளி மொரடாப் பூடும்னு, பச்சத் தண்ணியில ஷாம்பு கலந்து அலசி, கடைசியா கொஞ்சம் கிளிசரின் வுட்டேன். மெத்துன்னு கீது. கொடியில எடுத்துப் போடாத, தொங்கிப் பூடும். பாயிலயே காயட்டும்.

பாயில விரிச்சப்பதான் பாத்தேன். எடது கை மட்டும் ரெண்டு வெரக்கடை குட்ட. வேலையில ஒடிஞ்சு கோணலா கூடுன உன் எடது கையும் அவ்ளோதான் குட்ட. டெல்லி பிளாட்பாரத்துல வாங்குனேன்னியே, பிளாட்பாரத்துல விக்கிறவன் உன் கைய அளந்தா பின்னுனான்?

எவ அளந்தான்னு நான் கேக்கல. ஈரத்தோட இழுத்து ரெண்டு கையும் சமமாக்கி, நுனியில அம்மிக் குழவிய வெச்சுகீறேன். காயுற வரைக்கும் எடுக்காத.

பிலோமி

இன்னொண்ணு. உன் முழுக்கை சட்ட அத்தனைக்கும் எடது கைய ரெண்டு வெரக்கடை மடிச்சுத் தெச்சு வெக்கிறது நான்தான். ஒரு தபாகூட நீ கவனிக்கல. அவ குடுத்தத மட்டும் போட்டுப் பாத்து, அளவா கீதுன்னு சொன்ன.