கவிழ்த்துப் போட்ட துணி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நலமா? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? மாமா வேலைக்குப் போகிறாரா, இல்லை சோபாவோடு ஒட்டிக்கொண்டாரா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியின் புது வீடியோ கேம் வெளிவந்துவிட்டது. அதில் வருகிற வீராங்கனைக்கு உடுப்பு வரைந்தது சாட்சாத் உன் தம்பி! என்ன உடுப்பு தெரியுமா? நம்முடைய தோள்துணி. பள்ளிக்கூடத்தில், "மேஜை விரிப்பைப் போர்த்திட்டு வந்திருக்கான் பாரு" என்று சிரித்தார்களே, அதே துணிதான். இப்போது அதற்கு உலகமே அடித்துக்கொள்கிறது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைகிறேன்.

ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன். சிட்டுப் பயல் நம்மை விட்டுப் போய் வருஷம் முடியப்போகிறது. உன் தோளில் கவிழ்ந்து கிடக்கும் அவன் துணியை நான்தானே நல்ல பக்கம் திருப்பிப் போட வேண்டும்? தாய்மாமன் கை பட்டால்தானே துக்கம் முடியும்? லீவு கேட்டிருக்கிறேன்.

உன் செல்லத் தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

கால் அப்படியேதான் இருக்கிறது. மாமா முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறார். உன் கடிதத்தை அக்கம்பக்கத்துக்கெல்லாம் படித்துக் காட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, போ.

அதெல்லாம் நேற்று வரைக்கும்தான். நேற்று இருமல் மருந்து வாங்க ஒருவர் வந்தார். என் தோளையே உற்றுப் பார்த்தார். "அட, கேம்ல வர்ற டிரெஸ்தானே இது? எங்கே வாங்குனீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து நீட்டினார். ஒருத்தி ஓர் ஆளை வெட்டிப் போட்டுவிட்டு இடுப்பை ஆட்டிக் குதிக்கிறாள். அவள் தோளில் நம் துணி, தையல் முடிச்செல்லாம் வெளியே தெரிய, கவிழ்த்துப் போட்டபடி!

நல்ல பக்கம் பூவும் கொடியுமாக எத்தனை அழகு. அதை விட்டுவிட்டு உள்பக்கத்தை எதற்கடா வரைந்தாய்? உள்பக்கம் வெளியே தெரிந்தால், பெற்றவள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உனக்கா தெரியாது? அதுவும் ஓரத்தில் கோணலாக ஒரு குருவி. சிட்டு பிறந்தபோது தூக்கக் கலக்கத்தில் நான் தைத்தது. உலகத்தில் வேறெந்தத் துணியிலும் அந்தக் குருவி கிடையாது.

எதைப் பார்த்து வரைந்தாய்? மறைக்காமல் எழுது. போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

கோபப்படாதே. அடக்கத்தன்று வாசலில் நின்றாயே, அப்போது நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

முதலில் நல்ல பக்கத்தைத்தான் வரைந்து கொடுத்தேன், சத்தியமாக. "பூப்போட்ட துணி எல்லா ஊர்லயும்தான் இருக்கு, இதுல ஒரு கெத்து இல்லையே" என்று மேலதிகாரி தள்ளிவிட்டார். வேறு படம் தேடும்போது என் போனில் உன் படத்தைப் பார்த்துவிட்டார். "இதான்! இந்த முடிச்சுங்க செம!" என்று துள்ளினார். அர்த்தத்தைச் சொன்னேன் அக்கா. "சோகக் கதை வேற இருக்கா, பிரமாதம்!" என்றார். அந்த நேரம் என் வேலையே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது நம்மாட்கள் சிலர் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். நீ அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு சின்ன வீடியோவில், "எங்களுக்கு இது பெருமைதான்" என்று சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். வேண்டுமானால் குருவியை மட்டும் எடுத்துவிடுகிறோம் என்கிறார்கள்.

லீவு கிடைத்துவிட்டது. நேரில் பேசிக்கொள்வோம்.

உன் தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, அவ்வளவு அருவருப்பு. உன் மேலதிகாரி யாரோ எவரோ. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிந்தது என் வீடு. பிடுங்கியது நீ.

மூத்த மகளிடம் கேட்டு அந்த விளையாட்டை முழுதாகப் பார்த்தேன். அந்தப் பெண் சாகிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் துணியை உதறிக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மறுபடி சாகிறாள், மறுபடி எழுகிறாள். என் பிள்ளைக்கு அப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் நான் ஏன்டா இந்தத் துணியைக் கவிழ்த்துப் போடப்போகிறேன்?

குருவியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம். பெருமை என்று நான் வேறு சொல்ல வேண்டுமாம். எழுதும்போது உன் கை கூசவில்லையா? சிட்டு உன் தோளில்தானே தூங்குவான்.

ஏப்ரலில் வராதே. தாய்மாமன் இல்லாத பிள்ளைக்குப் பெற்றவளே துணியைத் திருப்பிக்கொள்ளலாம், உனக்கும் தெரியும். வருஷம் முடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் நேற்றுக் காலையே நம்மாட்களைக் கூப்பிட்டேன். வழக்கப்படி பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பிள்ளைக்கு மாமன் இருக்கானாம்மா?"

"இல்ல பெரியப்பா" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா