காக்கை தின்றது போக

ஞாயிறு, தை அமாவாசை

மலை நடைக்கு எடுத்துப்போகப் பருப்பு சாதத்தை இரண்டு தட்டுகளில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்திருந்தேன். ஈரம் போனால் சுமை குறையும். அங்கே வெந்நீர் ஊற்றினால் போதும். ஒரு தட்டு எனக்கு, ஒன்று கூட வரும் தோழி சாந்திக்கு. மூடி வைக்க வலை ஒன்றுதான் இருந்தது.

மதியம் மேலே போனபோது வலையில்லாத தட்டு காலி. கீழ்வீட்டு தேவி கணவனின் கம்பெனி யூனிஃபார்மை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, காக்காக்கு சோறு வச்சிட்டு கூப்புடாம போய்ட்டீங்க? நான்தான் கத்திக் கூப்ட்டேன். ஒரு பருக்கை வுடல. உங்கூட்டுப் பெரியவங்களுக்கு இன்னா பசியோ."

அது படையல் இல்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் சாந்தி போன் செய்தாள். முழங்கால் வலியாம், வரவில்லையாம். போன தடவை முதுகு. காக்கைகள் அவள் பங்கைத்தான் தின்றிருக்கின்றன. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

மிச்சத்தில் ஒரு பிடியை வெந்நீரில் ஊறவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக மலர்ந்திருந்தது. உப்பு போதுமா என்றுதான் தெரியவில்லை. அதை எப்போதும் அவள்தான் சொல்வாள்.

என் டிக்கெட்டையும் ரத்து செய்யப் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். உப்பைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டால் ஆயிற்று.