பின்கோடு எழுதாத கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், அம்மாவின் இடது முட்டி மட்டும் நலமில்லை. நீ நலம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன், அது அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக வலது மூலையில் ஊரும் தேதியும் போட்டுத்தான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த மூலையைக் காலியாக விட்டிருக்கிறேன், உனக்கு வரும் காகிதத்தில் ஊர் பெயர் ஆள் பெயர் எதுவும் வேண்டாம் என்று உன் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் மூன்று முறை வந்து மூன்று முறையும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கீழ் வீட்டு டெய்லர் மிஷினை ஜன்னலோரமாக மாற்றிப் போட்டிருக்கிறார், வெளிச்சத்துக்காக என்கிறார், போகிறவர் வருகிறவரைப் பார்க்கத்தான் என்கிறாள் அம்மா. படி ஏறாதீங்க என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார், அப்ப துணி காயப்போடுற கொடியைக் கீழே இறக்கி வைங்க டாக்டர் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இதுவரை ஒரு தடவையும் நான் வரிசையாகச் சொன்னதில்லை, நடுவிலே பிடித்து என் பக்கம் இழுத்துத்தான் சொல்லியிருக்கிறேன். கட்டியவனை விட்டு நீ வெளியே வந்து, அவன் உன்னை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கி, தூரத்து ஊரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் நீ இருக்கும் இடத்தை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றைக்குத்தான் முதல் முதலாக, பால்கனியில் காபிக் கோப்பையோடு நின்று ஒரு படம் போட்டாய், நண்பர்கள் நாற்பது பேர் மட்டும் பார்க்கும்படி, கீழே லொக்கேஷன் என்று அந்தப் பேட்டையின் பெயரும் ஒரு குறியும். நாற்பதில் நானும் ஒருவன், நீயே கணக்குத் திறந்து கொடுத்தது. அந்தப் படத்தில் நீ சிரித்தாய். நீங்க பிள்ளை சிரிச்சதைப் பார்க்கவே இல்ல என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள், உண்மைதான், நான் குறியைத்தான் பார்த்தேன். அது ஒரு தெரு தள்ளி, பெட்ரோல் பங்க்கின் மேல் விழுந்திருந்தது. முப்பத்தொரு வருடம் தபால் பிரித்தவன், ஆபீஸில் பின்கோடு என்றே பட்டப்பெயர் வாங்கியவன், தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? படத்துக்குக் கீழே எழுதினேன். அன்புள்ள மகளுக்கு, நலம், குறி தவறு, பெட்ரோல் பங்க் இருப்பது நான்காவது தெரு, உன் வீடு ஐந்தாவது தெரு, எண் பதினொன்று, இரண்டாம் மாடி, படியேறியதும் இடக்கைப் பக்கக் கதவு, திருத்தவும், இப்படிக்கு அப்பா. பின்கோடும் போட்டேன். அதற்கும் போஸ்ட் என்றுதான் பெயர், நான் பார்த்த வேலைக்கும் போஸ்ட் என்றுதான் பெயர், உனக்கு எழுதினால் நீதான் பிரிப்பாய் என்று நினைத்துவிட்டேன்.

ஆறு மணி நேரம் அது அங்கே இருந்தது. நீ வேலை முடிந்து வந்து பார்த்து அழித்துவிட்டு, அப்பா, இது கவர்ல போட்டு ஒட்டுற லெட்டர் இல்லப்பா என்று போனில் சிரித்தாய், நானும் சிரித்தேன். அதற்குள் உன்னோடு படித்த ஒருத்தி, ஒரு அப்பா கமெண்டுல லெட்டர் எழுதியிருக்கார் பாருங்கடி என்று அதைப் படமெடுத்து வேறு ஒரு குழுவில் போட்டிருக்கிறாள். அவளிடம் கெட்ட எண்ணம் கிடையாது, வெறும் வேடிக்கை. அது கைமாறிக் கைமாறி அவனிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் தோளில் ஒரு பையோடு நம் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தான், தண்ணீர் கேட்டான், அம்மா கொடுத்தாள். அட்ரஸ் ரொம்ப சுத்தமா எழுதியிருந்தீங்க மாமா, யாரையும் கேட்கவே வேண்டியதில்ல என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்துப் போனான். என் வேலையை அவ்வளவு மெச்சியவர்கள் ஆபீஸில்கூட யாரும் இல்லை. அவன் படி இறங்குவதற்குள் உனக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாக நீ லேபில் இருந்தாய், வீட்டுக்குப் போகாமல் கூட வேலை பார்க்கும் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டாய். அவன் அந்த இடக்கைப் பக்கக் கதவுக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான், மூன்றாம் நாள் போலீஸ் வந்து கூட்டிப்போனது, இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். நீ அந்த வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு வேறு எங்கோ போனாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே வாய் என்னுடையது, கெட்டது உன் நிம்மதி.

அன்றைக்கு நீ அழுதுகொண்டே, ஏம்பா எழுதினீங்க என்று கேட்டாய். நீ லொக்கேஷன் போடலன்னா நான் ஏன் எழுதப்போறேன் என்று சொன்னேன். சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது, மாற்றிச் சொல்ல வழியில்லை. அதோடு நீ என்னிடம் பேசுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் அம்மா, அப்பாகிட்ட குடுக்கட்டுமா என்பாள், அந்த நேரம் பார்த்து உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும், எனக்கும் குழாயைப் பார்க்கிற வேலை வந்துவிடும். குறை சொல்லவில்லை. இந்த ஐந்து மாதத்தில் யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த பிள்ளை, நான் இங்கே இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சிநேகிதர்களிடம் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீ பேட்டையைத்தான் சொன்னாய், கதவைச் சொன்னவன் நான். செய்ததற்கு மேல் பழியையும் உன் தலையில் வைத்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் கண்ணு. தப்பு என்னுடையது.

இனி போன வாரம் நடந்தது. அம்மாவின் முட்டி வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அவசரத்தில் நீ முட்டிப் பட்டையை வக்கீலம்மா மூலம் அனுப்பாமல் நேரே தபாலில் போட்டுவிட்டாய். அனுப்புநர் இடத்தில் மகள் என்று மட்டும் எழுதியிருந்தாய், கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஸ்டாம்பின் மேல் விழும் தபால் முத்திரையை மறந்துவிட்டாய். பாதி அழிந்த முத்திரை, மற்றவர்களுக்கு அது மைக்கறை. எனக்குப் பாதி வட்டம் கிடைத்தால் போதும், மீதியைக் கண்ணே எழுதிக்கொள்ளும், அதற்குத்தான் என்னை அந்த நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தபால்காரர் கையிலிருந்து வாங்கும்போதே முத்திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அப்படியே சமையலறைக்குப் போய், இந்த மூலையை வெட்டி அடுப்புல போடு, நீயும் பார்க்காதே என்று அம்மாவிடம் நீட்டினேன். பிள்ளை எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு ஆசையா இல்லையா என்று கேட்டாள். இருந்தது. என் வேலைக்காலம் முழுக்க எந்த முத்திரையையும் அவ்வளவு ஆசையோடு நான் பார்க்க நினைத்ததில்லை. அவள் வெட்டி முடிக்கும் வரை சுவரைப் பார்த்து நின்றேன். பொய் சொல்லக் கூடாது, விரலை எடுக்கும்போது பின்கோட்டின் முதல் எண் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது, பழக்கதோஷம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நடந்தாலும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆக, நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இனிமேல் எதுவாக இருந்தாலும் வக்கீலம்மா கையிலேயே கொடு, என்னைப் போல முத்திரை படிக்கிறவன் அவனுக்கும் ஒருத்தன் கிடைக்காமல் போகமாட்டான். படம் போடுவதை விட்டுவிடாதே. எங்காவது போனால் அங்கிருந்து கிளம்பி வந்த பிறகு போடு, இரண்டு நாள் தள்ளிப் போட்டாலும் சிரிப்பு ஊசிப்போய்விடாது. பின்னால் கடைப் பலகை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். என் கணக்கை டெய்லர் உதவியோடு மூடிவிட்டேன், அம்மாவுக்கு அனுப்பு, அவள் சிரிப்பை மட்டும்தான் பார்ப்பாள்.

நீ பயமில்லாமல் தூங்கி எழுந்து, நிம்மதியாக நீண்ட நாள் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, பட்டையைத் தூங்கும்போது கழற்ற வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவளிடமே சொன்னாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிச் சொன்னாலும் சரி. எங்கே இருக்கே என்று கேட்கமாட்டேன்.

உறையின் மேல் ஒன்றும் எழுதவில்லை, வக்கீலம்மா எழுதிக்கொள்வார். வெற்று உறையை இவ்வளவு ஜாக்கிரதையாக நான் ஒட்டுவது இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
அப்பா