மிளகின் எட்டு நாள் விடுமுறை

மே 2, சனி

மிளகின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேரில் பேசினால் சண்டையில் முடிகிறது, வழக்கு முடியும்வரை எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்ப நீதிமன்ற ஆலோசகர் சொன்னார். அதனால் இதை எழுதி அவள் பையின் மேல் ஜிப்பில் வைத்திருக்கிறேன். காரில் ஏறுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

நம் மகள் மிளகுக்கு டயப்பரை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆகிறது. ஜூனில் சேர்க்கப்போகும் மழலையர் பள்ளியில் டயப்பர் கட்டிய பிள்ளையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூனிலிருந்து என் தங்கையால் காலையில் பார்த்துக்கொள்ள முடியாது, இரண்டு வயது எட்டு மாதத்துப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நான் மருந்துக்கடை வேலைக்குப் போக முடியாது. பள்ளி கிடைத்தால்தான் வேலை நிலைக்கும்.

நடுவில் குழி வைத்த அந்த மஞ்சள் நாற்காலியை அவசியம் எடுத்துப் போங்கள். அதில்தான் அவளுக்கு வரும். எழுந்ததும் ஒரு தடவை, பால் குடித்து அரை மணி கழித்து ஒரு தடவை உட்கார வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று பேச்சை நிறுத்தினால் கக்கா வருகிறது என்று அர்த்தம். திட்டக் கூடாது. கைதட்டவும் கூடாது, பயந்து நிறுத்திக்கொள்வாள். ஏழு மணி நேரக் கார்ப் பயணம் என்றாலும் டயப்பர் வேண்டாம். ஒரு தடவை போட்டால் என் பத்தொன்பது நாளும் ஆற்றில் கரைத்த புளிதான்.

கூட வரும் உங்கள் அக்காவிடமும் அத்தானிடமும் இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அது வேறு கதையாகும்.

இந்த எட்டு நாள் எப்படிப் போனது என்று இருபதாம் தேதி ஆலோசகர் கேட்பார். உள்ளதைச் சொல்வேன்.

எழுதுவது,
மிளகின் அம்மா


மே 4, திங்கள்

மிளகின் அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இங்கிருந்து காகிதத்தில் எழுதி அனுப்பினால் நான் திரும்பிய பிறகுதான் உனக்குக் கிடைக்கும், அதனால் மின்னஞ்சல்.

கடலைப் பார்த்ததும் உன் மகள், "யாரு இவ்ளோ தண்ணி கொட்டுனது?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். நம்பவில்லை. வழியில் நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நாலாவது தடவை அத்தான் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் நிறுத்தினார். டயப்பர் போடவில்லை.

வாடகைக்கு எடுத்த வீடு வசதியாக இருக்கிறது. மாடியில் எங்களுக்கு ஒரு அறை, ஒட்டினாற்போல் குளியலறை. அக்கா அவளுக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மிளகு உச்சா வந்தால் சொல்லிவிடுகிறாள். இதுவரை இரண்டே ஜட்டிதான் நனைந்தது. நீ பாடுபட்டுப் பழக்கியிருப்பது தெரிகிறது.

ஒன்று கேட்கலாமா? இடம் மாறினால் ஒரு நாள் இரண்டு நாள் கக்கா போகாமல் இருப்பது சகஜம்தானே?

எல்லாம் நலம்,
மிளகின் அப்பா


மே 5, செவ்வாய்

மிளகின் அப்பாவுக்கு,

ஒரு நாள் என்றால் சகஜம். எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. தொப்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நாற்காலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்கள் "எல்லாம் நலம்" எனக்குத் தெரியும். வேலை போன பிறகும் நான்கு மாதம், தினமும் காலை எட்டரைக்கு லிப்ட் ரிப்பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். சாயங்காலம் வந்து, "இன்னைக்குப் பன்னெண்டாவது மாடியில ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க" என்று கதை சொன்னீர்கள். நான் சிரித்தேன். வேலை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. அப்படிச் சிரித்தேனே, அதற்காக வந்தேன்.

ஆகையால் கேட்கிறேன். போனாளா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

மிளகின் அம்மா


மே 6, புதன்

மிளகின் அம்மாவுக்கு,

போனாள். இன்று காலை. கவலைப்படாதே.

இங்கே நெட் சரியாகக் கிடைப்பதில்லை. பதில் தாமதமானால் தவறாக நினைக்காதே.

மிளகின் அப்பா


மே 6, புதன்

நல்லது. நாற்காலியிலா?

மிளகின் அம்மா


மே 7, வியாழன்

மிளகின் அப்பாவுக்கு,

நேற்றுக் கேட்டதற்குப் பதில் இல்லை. இன்று கடையில் ஒருவர் சீட்டைக் கொடுத்து இருமல் மருந்து கேட்டார், நான் கண்ணுக்கு விடும் மருந்தை எடுத்து வைத்தேன். அவர் சிரித்ததால் தப்பித்தேன்.

நான் சண்டை போடவில்லை. எழுதுங்கள்.

மிளகின் அம்மா


மே 8, வெள்ளி

மிளகின் அம்மாவுக்கு,

முதலில் இதைப் படி: மிளகு இப்போது நன்றாக இருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் முக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். மற்றதை இதை மனதில் வைத்துக்கொண்டு படி.

புதன்கிழமை நான் எழுதியது பொய். ஞாயிற்றிலிருந்து வியாழன்வரை, ஐந்து நாள், அவள் போகவில்லை.

நாற்காலி இங்கே இல்லை. டிக்கியில் இடமில்லை என்று அத்தான் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். "எட்டு நாளைக்கு இது ஒரு விஷயமா?" என்றார். மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். நான் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

இங்கே இருப்பது உயரமான கோப்பை. உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுவாள். குளியலறைக் கதவைச் சாத்தினாலே அழுகை. செவ்வாயன்று சாப்பாட்டு மேசையில் ஜட்டியில் கொஞ்சம் வந்துவிட்டது. அக்கா எல்லார் முன்னாலும், "ச்சீ, இவ்ளோ பெரிய பொண்ணு" என்றாள். அப்புறம் அவளே கடைக்குப் போய் டயப்பர் வாங்கி வந்து கட்டிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மிளகு அதைத் தானே பிய்த்து எறிந்தாள். "அம்மா வேணாம் சொன்னாங்க" என்றாள். அன்றிலிருந்து ஒரேயடியாக அடக்க ஆரம்பித்தாள்.

இன்று காலை வயிறு கல் மாதிரி இருந்தது. காலை மடக்கிக்கொண்டு முனகினாள். எல்லோரும் படகுச் சவாரிக்குக் கிளம்பி நின்றார்கள். "தானா சரியாயிடும், தூக்கிட்டு வா" என்றாள் அக்கா. "நீங்க போங்க" என்றேன். எனக்கே அது புதிதாக இருந்தது.

கடைத்தெருவில் இருக்கும் சிறிய மருத்துவமனைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பாதி ஓட்டம். டாக்டர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு."

"அஞ்சு நாளா நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பின்னால் வைக்கும் மருந்தை வைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்து அவள் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். ஈரத் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம். கடைசியில் கொஞ்சம் ரத்தமும் வந்தது. போன் செய்து கேட்டேன், சின்னக் கிழிசல்தான், ஆறிவிடும் என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து, வேர்த்துப்போய் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அம்மாகிட்ட சொல்லாத."

அது அவளுடைய பேச்சில்லை. செவ்வாயன்று ஜட்டியை அலசும்போது நான்தான் விளையாட்டுப்போல, "அம்மாகிட்ட சொல்ல வேணாம், என்ன?" என்றேன். தலையாட்டினாள். நாலு மாதம் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

வக்கீலுக்குப் போன் போட்டேன். "எதையும் எழுத்துல குடுத்துடாதீங்க" என்றார். கொடுத்துவிட்டேன். நீ இதை என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்கு அவள் வேண்டும். ஆனாலும் இது உனக்குத் தெரிய வேண்டும்.

மிளகின் அப்பா


மே 9, சனி

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று மருந்துக்கடையின் பின்வாசலில் நின்று படித்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரே பேருந்து நிலையம் போனேன். அங்கே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், வேறெதுவும் மனதில் இல்லை. டிக்கெட் வரிசையில் நின்றபடியே என் வக்கீலுக்குப் போனில் அதைப் படித்துக் காட்டினேன். "இது ஒண்ணு போதும்மா. இனிமே அவர்கூடத் தங்க அனுப்ப வேண்டியதே இல்ல" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். குளியலறைக் கதவைச் சாத்தினாலே அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் பழக்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள். வேலைக்குக் கிளம்பி நிற்கிறேன், என் மேலேயே போய்விட்டாள். அதற்கு முந்தின இரண்டு நாளும் தாமதம், இனியும் தாமதமானால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவளைக் குளியலறையில் விட்டு வெளியே தாழ் போட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும். மூன்றாகவும் இருக்கலாம். அவள் கதவைத் தட்டவில்லை. கதவுக்கு அடியில் இடுக்கு வழியாக விரல்களை வெளியே நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் நன்றாகப் பழகினாள். பழகினாள் என்று நான் நினைத்தேன். அந்த நாளையும் சேர்த்துத்தான் உங்களிடம் பத்தொன்பது என்று எண்ணிச் சொன்னேன். இதை ஆலோசகரிடம் சொல்லவில்லை, என் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை.

என் முறை வந்தது. "எந்த ஊரும்மா?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். நான் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

டயப்பர் போட்டுவிடுங்கள். அவளாகக் கேட்டால் மட்டும் கழற்றுங்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள். டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், களிம்பு இங்கே வாங்கி வைக்கிறேன். பள்ளி தள்ளிப் போகட்டும். மதியத்துக்கு மேல் வேலை கேட்டிருக்கிறேன், என் தங்கை அந்த நேரம் பார்த்துக்கொள்வாள். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.

நம்மைப் பற்றி. நான் திரும்பி வரப்போவதில்லை. அந்த நாலு மாதம் எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. விவாகரத்து மனு அப்படியே இருக்கட்டும். ஆனால் இருபதாம் தேதி உங்கள் கடிதத்தைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். இதையும் சேர்த்தே கொடுப்பேன். வாரக் கடைசியில் அவள் உங்களிடம் இருக்கட்டும் என்று நானே கேட்பேன். சம்மதிப்பார்களா, இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டுவார்களா, தெரியாது.

நாளை சாயங்காலம் வழக்கம்போல் கீழே கேட்டில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். மேலே வாருங்கள்.

கிளம்பும் முன் அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: அப்பா அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அம்மா திட்டவே இல்ல என்று. "நெஜமாவா?" என்பாள். இப்போது எதைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கிறாள். நெஜம்தான் என்று சொல்லுங்கள்.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்திருக்கும்,
மிளகின் அம்மா