பெயரில்லாத போனுக்கு உன் பெயர்

உன் அம்மா இன்று உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வருஷத் திதிச் சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். பொத்தான்களில்கூட பாச்சை உருண்டை வாசனை. பேட்டரி தனியாக, உன் கைக்குட்டையில். அதைப் போடலாமா வேண்டாமா என்று மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாவலூரில் அந்த லாரி உன் பைக்கை இடித்ததற்குப் பிறகு ஆபீசில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. நீ எழுதி வைத்துவிட்டுப் போன கோடிங்கால் வந்த வினை. நீயே கேள்.

சிறுசேரியில் நாம் இருவரும் மீனவர்களுக்காகச் செய்த செயலி ஞாபகமிருக்கும். படகில் போகிறவரின் போன் எங்கே இருக்கிறது என்பதை, அவர் தொடாமலே, அவ்வப்போது நமக்கு அனுப்பும். திரையில் ஒன்றும் தெரியாது. பின்னால் சத்தமில்லாமல் ஓடும். அந்த ஓட்டத்தையும் செய்தி அனுப்பும் வேலையையும் நீ லைப்ரரி என்று ஒரே கோடிங் பொட்டலமாகக் கட்டினாய், வேறு செயலிகளும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று. செய்தது கடலுக்கு, ஆனால் கடலைக் கண்டாலே உனக்கு ஆகாது. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கரையிலேயே நிற்பாய். "உப்புத் தண்ணி நமக்கு ஒத்துக்காது மச்சான்." மாமல்லபுரம் குப்பத்துக்குச் சோதனைக்குப் போனபோதும் படகில் ஏறி வாந்தி எடுத்தது நான்தான்.

நீ போய்ச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் போன்களின் இடத்தைக் காட்டும் ஆபீஸ் வரைபடத்தில் உன் பெயர் வந்தது. மாமல்லபுரத்துக்குக் கிழக்கே, கடலில்.

மதியம் கரைக்குத் திரும்பியது. மறுநாள் விடியலில் மறுபடி கடலுக்குள் போனது. அதற்கடுத்த நாளும். பக்கத்து சீட் பாபு என் திரைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான். "இன்னா அண்ணாத்த இது, அவரு தண்ணியிலயே எறங்க மாட்டாரே" என்றான். உன் அம்மாவைக் கூப்பிட்டு உன் போன் எங்கே என்று கேட்டேன். "போனு பீரோவுலதான் கீதுப்பா, பேட்டரியக்கூட கழட்டி வெச்சிக்கீறேன். ஏம்பா கேக்குற?" ஏதோ உளறிவிட்டு வைத்தேன்.

பயமாக இருந்தாலும் வேலையைப் பார்க்க வேண்டுமே. அவற்றில் ஒன்றுதான் உன் பெயரில் வருகிறதோ என்று, குப்பத்தில் சோதனைக்குக் கொடுத்த போன்கள் எல்லாவற்றிலும் நம் செயலியை நீக்கினேன். மறுநாள் விடியலில் நீ வழக்கம்போல் கடலுக்குப் போனாய். டீம் லீடர் பொறுமை இழந்தார். "சாயங்காலத்துக்குள்ள அந்தப் பேரை பிளாக் பண்ணிடு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

அன்று மதியம் நீ திரும்பவில்லை. புள்ளி மெல்ல வடகிழக்கே நகர்ந்தது. ஓட்டுகிற படகு இப்படிப் போகாது. தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போகிறது.

உன் லைப்ரரியைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பெயர் பதியாத போனுக்கு எந்தப் பெயரைப் போடுவது என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. சோதனைக்குப் போட்டது. வெளியே கொடுக்குமுன் அதை எடுத்துத் தொலை என்று நான் திட்டியதும் நீ சிரித்ததும் ஞாபகம் வந்தது. "பேரே இல்லாத ஆளை எப்டிடா தேடுவ? என் பேராவது இருந்துட்டுப் போவட்டும்."

அப்படியானால் இது யாருடைய போன்? மீன் விலை சொல்லும் செயலியைச் செய்துகொண்டிருந்த செல்வியிடம் ஓடினேன். "செய்தி அனுப்புறதுக்காக உங்க லைப்ரரியைச் சேர்த்தோம், அவ்ளோதான்" என்றாள். அதற்குள் உன் ஓட்டமும் இருக்கிறது, போனை ஆன் செய்தாலே தானாக எழுந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியாது. பெயர் பதியும் பக்கத்தையும் அவர்கள் வைக்கவில்லை. "குப்பத்துல ஒருத்தருக்குத்தான் குடுத்திருக்கோம். கன்னியப்பன்னு பேரு."

கன்னியப்பனுக்கு லைன் போகவில்லை. அவர் தம்பிதான் கிடைத்தார். "காலைல போனவரு இன்னும் வரல சார். எந்தப் பக்கம் தேடறதுன்னே தெரியாம பேஜாரா கீது." நீ நிற்கும் இடத்தை அவருக்குச் சொன்னேன். அதற்குள் லீடர் வந்து "பிளாக் பண்ணியாச்சா?" என்றார். "பண்ணக் கூடாது சார், அது உயிரோட இருக்கிற ஆளு" என்று ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

இருட்டுவதற்குள் படகை இழுத்து வந்துவிட்டார்கள். நானும் கரைக்குப் போயிருந்தேன். கன்னியப்பன் உதடு வெடித்து மணலில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் நின்றுவிட்டது, பேசும் அளவுக்கு டவர் இல்லை. இடத்தைச் சொல்லும் உன் ஒற்றை வரிச் செய்தி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. "நான் யாருக்கும் போன் பண்ணலியே சார். நான் அங்க கீறேன்னு யாரு சொன்னது?" உன் பெயரைச் சொன்னேன்.

"அவரு வரலியா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன் மச்சான். பிறகு அழுதுவிட்டேன்.

பெயர் பதியும் பக்கத்தை இப்போது எல்லாச் செயலியிலும் வைத்துவிட்டோம். உன் பெயரை மட்டும் அந்த இடத்திலிருந்து நான் எடுக்கவில்லை. எவ்வளவு பார்த்தாலும் எங்காவது ஒரு போன் பதியாமல் தப்பிவிடுகிறது. உன் பெயர் வந்தால் பாபு இப்போது பயப்படுவதில்லை. உடனே குப்பத்துக்குப் போன் போடுகிறான். நமக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவர் உயிரோடு அங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

உன் போனிலும் நம் செயலி இருக்கிறது, இந்தப் பேட்டரியைப் போட்டால் ஆபீஸ் திரையில் உன் பெயர் வரும். யாரென்று பாபு கேட்பான். இந்த ஒரு முறை அந்தப் பெயருக்குப் பின்னால் ஆளில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது. பேட்டரியைக் கைக்குட்டையிலேயே மறுபடி முடிந்து வைத்துவிட்டேன்.