கோராவின் கதவு

பெல் க்ரீக், ஆர்கன்சா
அக்டோபர் 1982

டாய்லுக்கு,

வெர்லீன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று லண்டன் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள் காதோரத்தையும் கவனிப்பார்கள். அந்த ஊரில் உனக்குக் கண்ணாடி தர ஆளில்லை போலும்.

நம் மகள் ஜாய்ஸுக்கு இரண்டாவதும் ஆண் குழந்தை. உனக்குத் தகவல் சொன்னாளா என்று கேட்டேன். மறந்துவிட்டதாம். உன் பிள்ளைதானே.

பேட்டியைப் படித்தேன். புயலடித்த ஒரு நாள், உன் அப்பாவின் களஞ்சியத் தகரக் கூரையில் மழை கொட்டியதாம். அந்தத் தாளத்திலிருந்து நீ ராக்கபிலி என்ற இசையையே கண்டுபிடித்தாயாம். உன் அப்பா செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். களஞ்சியம் எங்கிருந்து முளைத்தது? அந்தக் காலத்தில் அந்தப் பெயரையே நம்மைக் காட்டான்கள் என்று கேலி செய்யத்தான் சொன்னார்கள். பாதிரியார் நம் இசைத்தட்டைத் தேவாலய வாசலில் போட்டு மிதித்தபோது நீ அம்மா வீட்டில் ஒளிந்துகொண்டாய். இப்போது அதற்கு நீ தகப்பனாம்!

'கோராவின் கதவு' பாட்டைப் பதிவு செய்தபோது இரண்டாவது அடி மறந்துபோய் நீ "கோ...கோ...கோரா" என்று திக்கினாயே, அது மேதையின் பாணி என்று அங்கே கட்டுரை எழுதுகிறார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

கோடையில் ரைண்டர் என்று ஒரு டச்சுக்காரப் பையன், சேவல் கொண்டை மாதிரி முடியைத் தூக்கி வாரிக்கொண்டு, என் வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த இசைத்தட்டில் ஆளுயர பேஸ் வாத்தியத்தை அறைந்து வாசித்த ஆண் யார் என்று கேட்டான். நான்தான் என்றேன். நம்பவில்லை. ஜாய்ஸ் வயிற்றில் இருந்தபோது இசைத்தட்டுக் கம்பெனிக்காரன், "பெரிய வயிறும் பெரிய பேஸும் சேந்து நிக்க மேடைல எடமில்லம்மா" என்று என்னை இறக்கிவிட்டதைச் சொன்னேன். பக்கத்தில் நின்று நீயும் சிரித்தாய். அதையும் சொன்னேன்.

பிறகு ரயில் பாதைக்கு அப்பால், கறுப்பர் குடியிருப்பில் இருக்கும் ஓசெல் ப்ரூயிட் வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்த பிறகு ஓசெலுக்கு இடது கை சரியில்லை. கிட்டார் சுவரில்தான் தொங்குகிறது. குடித்துவிட்டு வந்தவரை அவர் மனைவி கோரா வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியதும், அவர் படிக்கட்டில் உட்கார்ந்தே அந்தப் பாட்டைக் கட்டியதும் உனக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. இசைத்தட்டைப் போட்டோம்.

ஓசெல் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் பாடுறான். போலீஸு தொரத்துற மாதிரி ஓடிக்கிட்டே பாடுறான்" என்றார்.

கோரா அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "நான் கதவத் தொறக்கலேன்னு ஊரு ஒலகமெல்லாம் பாடிட்டீங்க. ஏன் தொறக்கலேன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களாடா?"

பையன் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதினான். அதற்குத்தான் நீ பதில் கொடுத்திருக்கிறாய். "ஓசெல் என்று யாரையும் எனக்குத் தெரியாது."

டாய்ல், பதிவு செய்ய நாம் மெம்பிஸ் போனபோது வண்டி ஓட்டியது யார்? வழியில் சாப்பாட்டுக் கடைக்குள் யாரை விடவில்லை? ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, கார் ஜன்னல் வழியாக நீயே யாரிடம் நீட்டினாய்? அன்றைக்கு உனக்கு வெட்கம் இருந்தது. கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த டாய்லைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

உன் பதிலை கோரா ஓசெலுக்குப் படித்துக் காட்டினாளாம். அவர் சுவரிலிருந்த கிட்டாரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னாராம்.

வசந்தத்தில் உன்னைக் கௌரவித்து நீதிமன்ற வாசலில் பெயர் பொறித்த கல் நடப்போகிறார்கள். நான் மேயரைப் போய்ப் பார்த்தேன். ஓசெல் பெயரும் வேண்டும் என்றேன். "பாடினவரே தெரியாதுங்கிறார், நான் என்னங்க பண்றது? அவரு ஒரு வரி எழுதிட்டா செதுக்கிடலாம்" என்றார். அவரைத் திட்டிவிட்டு வந்தேன். திட்டு உனக்குச் சேர வேண்டியது.

உன்னை மன்னிக்கவோ மாற்றவோ இதை எழுதவில்லை. அந்த ஆசையெல்லாம் எப்போதோ விட்டேன். என் பெயர் கல்லில் வேண்டாம். உன் மழைக் கதையைக்கூட வைத்துக்கொள். மேயருக்கு ஒரு வரி எழுது. ஓசெல் மூச்சு விடவே சிரமப்படுகிறார். குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்று கோரா என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அந்தத் தட்டை மறுபடி கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். உன்னிடம் பொய்யில்லாதது அந்தக் குரல் ஒன்றுதான். அதையாவது கடவுள் கெடாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வெர்லீன்